பழைய லேப்டாப்புக்கு எட்டாத வைஃபை: எங்கே தேடுவது, எதை வாங்குவது

ரூட்டர் வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறது, லேப்டாப் வைக்கும் மேசை இன்னொரு மூலையில். நடுவில் இரண்டு சுவர். அதே மேசையில் கைபேசியில் வீடியோ ஓடுகிறது; பழைய லேப்டாப்பில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை வாங்கி மாட்டிவிடலாம் என்பதுதான். சில வீடுகளில் அது உதவும். பல வீடுகளில் சிக்னல் கோடுகள் கூடும், வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். குறை ரூட்டரிலா, நடுவில் உள்ள சுவரிலா, லேப்டாப்பிலா என்று பார்க்காமல் காசைப் போட்டால் அப்படித்தான் ஆகும். பழைய லேப்டாப் என்று சொன்னாலே என் சந்தேகம் முதலில் லேப்டாப் மேல்தான் போகும். அதனால் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, காசு கேட்காத சோதனைகளிலிருந்து ஆரம்பிக்கலாம்.

குறை எந்தப் பக்கம்?

லேப்டாப்பை ரூட்டர் இருக்கும் அறைக்கே எடுத்துப்போங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நடுவில் எதுவும் மறைக்காதபடி உட்காருங்கள். அங்கே எல்லாம் சரியாக ஓடினால் குறை தூரத்திலும் சுவரிலும் இருக்கலாம். அங்கேயும் தடுமாறினால் லேப்டாப்பின் வைஃபை பகுதியில் ஏதோ கோளாறு. எத்தனை ரிப்பீட்டர் வைத்தாலும் அது தீராது.

ஆனால் ‘ஓடுகிறது’, ‘தடுமாறுகிறது’ என்பதை வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீடியோ நிற்பதற்கு இணைய நிறுவனத்தின் லைன் மெதுவாக இருப்பதும் காரணமாகலாம், லேப்டாப்பின் பழைய பிராசஸர் மூச்சு வாங்குவதும் காரணமாகலாம். ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள வழியை மட்டும் தனியாகச் சோதிக்க ‘பிங்’ என்றொரு எளிய வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். நெட்வொர்க் விவரங்களில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று இருப்பதுதான் அந்த முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதன் பின்னால் இன்னொரு இடைவெளி, ஒரு சிறு கோடு, ஆங்கில எழுத்து ‘டி’ ஆகியவற்றைச் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். கன்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்தினால் நின்றுவிடும்.

ஒவ்வொரு வரியிலும் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும். நல்ல வைஃபையில் இது பெரும்பாலும் 10க்குள் இருக்கும். ஒரு வரியில் 3, அடுத்த வரியில் 480, அதற்கடுத்து பதிலே வராமல் ‘டைம்ட் அவுட்’ என்று தாவினால் வழி மோசம். எண்கள் சீராக இருந்தும் வீடியோ விக்கினால் வைஃபையை விட்டுவிடுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசஸர் நூறு சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். இப்போதைய வீடியோ வடிவங்களை வன்பொருளிலேயே விரிக்கும் வசதி பழைய லேப்டாப்களில் இருக்காது. தரத்தை 480க்கோ 720க்கோ குறைத்தால் போதும், பிரச்சினை அங்கேயே முடிந்தது.

அடுத்து கைபேசியை அந்தத் தூரத்து மேசையிலேயே வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. -50 என்றால் அருமை, -65 வரை கவலையில்லை, -70ஐத் தாண்டினால் பலவீனம், -80 பக்கம் போனால் இணைப்பு பேருக்குத்தான். இந்த அளவில் 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. -60க்கும் -70க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை. கைபேசி அங்கே -60 காட்டுகிறது, லேப்டாப் மட்டும் திணறுகிறது என்றால் சுவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். வைஃபை இருவழிப் போக்குவரத்து. லேப்டாப் திரையில் தெரியும் கோடுகள் ரூட்டரின் குரல் லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். லேப்டாப்பின் குரல் ரூட்டருக்குக் கேட்கிறதா என்பது தெரியாது. ஒலிபெருக்கியில் பேசுபவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் வெறும் வாயால் சொல்லும் பதில் அவருக்குக் கேட்காது, அதே கதைதான். கோடுகள் நிறைய இருந்தும் பக்கம் திறக்காததற்கு அடிக்கடி இதுவே காரணம். ‘அதிக சக்தி’ என்று எழுதியிருக்கும் பெரிய ரூட்டரை வாங்கினாலும் பழைய லேப்டாப்புக்குப் பெரிதாகப் பலன் இல்லாமல் போவதும் இதனால்தான்.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியவை

முதலில் உங்கள் லேப்டாப் எந்தத் தலைமுறை வைஃபை என்று தெரிந்துகொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதன் கீழே வைஃபை அட்டையின் பெயர் இருக்கும். அதன் விவரங்களில் 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். ‘ஜி’ என்றால் 2003இல் வந்த தரம். ஏட்டில் 54 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), கையில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. ‘என்’ என்றால் 2009இல் வந்தது, இப்போது வைஃபை 4 என்கிறார்கள். ஒற்றை ஆன்டெனா உள்ள மலிவான ‘என்’ அட்டை, சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 72 எம்பிபிஎஸ் வரை இணையும். நிஜத்தில் 40ஐ ஒட்டிக் கிடைத்தாலே நல்லது. ‘ஏசி’ அல்லது ‘ஏஎக்ஸ்’ இருந்தால் உங்கள் லேப்டாப் அப்படியொன்றும் பழையது இல்லை.

‘என்’ அட்டைகளில் ஒரு சிக்கல் உண்டு. மலிவானவற்றில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பார்க்கும். ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பு அவற்றின் கண்ணிலேயே படாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். சுவரைத் தாண்டிப் போவதில் 2.4தான் கெட்டிக்காரன். ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் இடமும் அதுதான்.

அப்புறம் டிரைவர், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ வைஃபை அட்டை செய்த நிறுவனத்தின் தளத்திலோ உங்கள் மாடலுக்குக் கிடைக்கும் கடைசி டிரைவரைப் போடுங்கள். புதிதாக வைஃபை 6 ரூட்டர் வந்த பிறகு வலையமைப்பின் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பழைய டிரைவர்தான் காரணம். இன்டெல்லின் பழைய அட்டைகள் சிலவற்றில் இந்தக் குறை இருந்து, புதிய டிரைவரில் சரிசெய்யப்பட்டது. டிரைவரே கிடைக்காத அளவுக்குப் பழையது என்றால், ரூட்டரின் 2.4 அமைப்பில் ‘ஏஎக்ஸ்’ஐ அணைத்துவிட்டு ‘என்’ வரை மட்டும் வைத்துப் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் அதே அட்டையின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது என்றால் பாதி நேரம் இதுதான் ஆசாமி. வைஃபை ‘பூஸ்டர்’ என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆன்டெனா செய்யாததை எந்த மென்பொருளும் செய்யாது.

ரூட்டருக்குப் பக்கத்திலேயே சிக்னல் பாதிதான் காட்டுகிறதா? அப்படியானால் திறந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள், வழக்கமாக ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல் நிறம், கீல் வழியாக இறங்கி அடிப்பாகத்தில் உள்ள வைஃபை அட்டையில் வந்து சேரும். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் பொன்னிற வட்டம். அட்டையில் உள்ள பொட்டில் ‘டிக்’கென்று உட்காரும். கீபோர்டு மாற்றியபோதோ, கீல் உடைந்து ஒட்டியபோதோ, விசிறியைத் துடைத்தபோதோ இதில் ஒன்று கழன்று, திரும்ப மாட்டப்படாமலே மூடியிருப்பார்கள். லேப்டாப் அப்புறமும் வைஃபையில் இணையும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வீச்சு மட்டும் ஒரே அறைக்குள் சுருங்கிவிடும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்றுங்கள். கம்பி கழன்றிருந்தால் வட்டத்தைப் பொட்டின் நேர்மேலே வைத்து விரல் நுனியால் நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். சும்மா கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டாம். இந்த வகை இணைப்பிகள் ஏறக்குறைய 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்கு மட்டுமே உத்தரவாதம் தருபவை. கம்பி கீலுக்குள் நறுக்குப்பட்டிருந்தால் அது திரையைப் பிரிக்கும் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

மூடியைத் திறந்ததுதான் திறந்தோம், அட்டையையே புதிதாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் சில நிறுவனங்களின் பழைய மாடல்கள் தாங்கள் அனுமதித்த அட்டைகளைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பயாஸில் (லேப்டாப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பூட்டு வைத்திருக்கின்றன. வேறு அட்டையைப் போட்டால் கருந்திரையில் ஒரு எச்சரிக்கையோடு நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு அந்தப் பூட்டு உண்டா என்று தெரியாமல் அட்டை வாங்காதீர்கள்.

ரூட்டர் பக்கம்

ரூட்டரைத் தரையில், டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். உலோகம் சிக்னலைத் திருப்பியடிக்கும், தண்ணீரோ சிக்னலை உறிஞ்சிக்கொள்ளும். மீன்தொட்டியும் பெரிய நிலைக்கண்ணாடியும் சுவருக்குச் சமம். ஆள் உயரத்தில், வீட்டின் நடுவை ஒட்டி வைக்க முடிந்தால் அதுவே பாதி வைத்தியம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவை லேப்டாப்பை நோக்கிக் குறிவைப்பது பலர் செய்யும் காரியம். இவ்வகை ஆன்டெனாவின் நுனி வழியாகத்தான் மிகக் குறைவாகச் சிக்னல் வெளிவரும், பக்கவாட்டில்தான் அதிகம். ஒரே தளத்துக்கு நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள்.

லேப்டாப்பையும் மேசையிலேயே கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்தான். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒரு சாண் தள்ளிப் போனால் கூட்டிக்கொள்ளும். பிங்கை ஓடவிட்டுக்கொண்டே நகர்த்தினால் எண்கள் மாறுவது கண்ணெதிரே தெரியும்.

இனி ரூட்டரின் அமைப்புப் பக்கம். உலாவியில் முன்பு சொன்ன கேட்வே முகவரியை அடித்தால் திறக்கும். 2.4 பிரிவில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து மாற்றி 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று மேலே விழாத சேனல்கள் இவைதான். எது காலியாக இருக்கிறது என்பதை அனலைசர் செயலியே காட்டும். 12, 13 காலியாக இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். சில பழைய அட்டைகள் அவற்றைப் பார்ப்பதே இல்லை. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்பது அக்கம்பக்கத்தில் ரூட்டரே இல்லாத இடங்களுக்குப் பொருந்தும்.

பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய லேப்டாப் இணையாது. அது 2018இல்தான் வந்தது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை எங்கேயாவது தென்பட்டால் அணையுங்கள். அது பாதுகாப்பும் இல்லை, ‘என்’ அட்டையையும் 54க்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுங்கள். இரண்டையும் பார்க்கக்கூடிய நடுவயது லேப்டாப் தூரத்து அறையில் 5ஐப் பிடித்துக்கொண்டு தவிப்பது இதோடு நிற்கும்.

இனி வாங்கலாம், ஆனால் எதை?

வாங்கும் முன் இன்னொரு இலவசச் சோதனை. ஆண்ட்ராய்டு கைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் மாட்டி ‘யுஎஸ்பி டெதரிங்’கைப் போடுங்கள். இப்போது கைபேசியே லேப்டாப்பின் வைஃபை அட்டை. ஐஃபோனில் இது நடக்காது. அது மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும். இப்படிச் செய்ததும் லேப்டாப் துள்ளிக்குதித்து ஓடினால் உங்களுக்கு ரிப்பீட்டர் தேவையே இல்லை, லேப்டாப்புக்கு நல்ல அடாப்டர் ஒன்று போதும். அவசரத்துக்கு இந்த ஏற்பாட்டையே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அடாப்டர் என்றால் யுஎஸ்பி துளையில் சொருகும், விரல் நக அளவில் வரும் குட்டி டாங்கிளை வாங்காதீர்கள். அதற்குள் ஆன்டெனாவுக்கு இடமே இல்லை. இரண்டு அலைவரிசையும் உள்ள, வெளியே ஆன்டெனா நீட்டிய வகையை வாங்குங்கள். கூடவே ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் ஒன்று. டாங்கிளை லேப்டாப்பின் உலோக உடம்பிலிருந்து விலக்கி ஜன்னல் விளிம்பிலோ அலமாரி மேலோ வைத்தால் கிடைக்கும் முன்னேற்றம் பல நேரம் டாங்கிளின் விலையைவிடப் பெரியது. வேகமான யுஎஸ்பி 3 பகுதிகள் 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். அதே பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் டாங்கிளை அதிலிருந்து தள்ளி வையுங்கள். லினக்ஸ் போட்ட லேப்டாப் என்றால் அடாப்டருக்குள் இருக்கும் சிப்புக்கு டிரைவர் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்; பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கும்.

கைபேசியும் அந்த மேசையில் திணறுகிறது என்றால்தான் ரிப்பீட்டரின் முறை. அதைச் சிக்னல் இல்லாத இடத்தில் வைப்பவர்கள்தான் அதிகம். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? கைபேசியில் -65 அல்லது அதைவிட நன்றாகக் காட்டும் இடமாக, பாதிவழியில் வையுங்கள். முதலில் ரூட்டர் பக்கத்தில் மாட்டி அமைத்து முடித்துவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள். ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் தரவின் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை கேட்டு, மறுபடி ஒருமுறை அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு அலைவரிசை உள்ளதை வாங்கினால் ரூட்டரோடு 5இலும் லேப்டாப்போடு 2.4இலும் பேசவைக்கலாம். புது வலையமைப்புக்கு வேறு பெயர் கொடுங்கள், லேப்டாப் தூரத்து ரூட்டரையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்காது.

பழைய லேப்டாப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறொன்று. ஈதர்நெட் துளை உள்ள ரிப்பீட்டராகப் பார்த்து வாங்கி, அதை மேசை அருகே, இன்னும் ஓரளவு சிக்னல் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். அங்கிருந்து ஒரு குட்டிக் கேபிளை லேப்டாப்பின் ஈதர்நெட் துளையில் சொருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். பழைய அட்டை, பழைய டிரைவர், கீலுக்குள் நறுக்குப்பட்ட கம்பி எல்லாம் ஒரே அடியில் கணக்கிலிருந்து போய்விடும். காற்றில் ஒரே ஒரு தாவல் மட்டும் என்பதால் வேகம் பாதியாவதும் இல்லை. மெல்லிய புது லேப்டாப்களில் காணாமல் போன ஈதர்நெட் துளை பழையவற்றில் அனேகமாக இருக்கும். வயதானதற்கு அப்படியாவது ஒரு சௌகரியம் இருக்கட்டுமே.

பரணில் பழைய ரூட்டர் ஒன்று கிடந்தால், ரூட்டரிலிருந்து அந்த அறைவரை கேபிள் இழுக்கவும் வழி இருந்தால், அந்தப் பழைய ரூட்டரையே அங்கே ‘ஆக்ஸஸ் பாயின்ட்’டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் கருவியாக வைப்பது ரிப்பீட்டரைவிட எவ்வளவோ மேல். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

1. பழைய ரூட்டரை ரீசெட் செய்து, அதை மட்டும் லேப்டாப்போடு கேபிளில் இணையுங்கள். முதன்மை ரூட்டரோடு இப்போதைக்கு இணைக்க வேண்டாம்.
2. அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்ஸஸ் பாயின்ட் மோடு’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; 4ஆம் படியைச் செய்ய வேண்டியதில்லை.
3. வைஃபைக்குப் பெயர், பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2 எல்லாம் போடுங்கள். முதன்மை ரூட்டர் சேனல் 1இல் இருந்தால் இதற்கு 6 அல்லது 11. நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.
4. இதன் லேன் (வீட்டு வலையமைப்பு) முகவரியை முதன்மை ரூட்டரின் குடும்பத்திலேயே வேறு எண்ணாக மாற்றுங்கள்: அது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. அந்த எண் முதன்மை ரூட்டர் சாதனங்களுக்குத் தானாக வழங்கும் எண்களின் வரம்பில் இருக்கக்கூடாது. சேமித்ததும் புது முகவரியில் மறுபடி நுழைந்து, சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். வீட்டுக்கு முகவரி வழங்குபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.
5. முதன்மை ரூட்டரின் லேன் துளையிலிருந்து பழைய ரூட்டரின் லேன் துளைக்குக் கேபிளைப் போடுங்கள். வேன் துளை, அதாவது வெளி இணைய லைனுக்கான துளை, காலியாக இருக்கட்டும். ஆக்ஸஸ் பாயின்ட் மோடு போட்டவர்கள் மட்டும் எந்தத் துளை என்று அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் அந்த அறைவரை வந்துவிட்டது என்றால் அதை நேராக லேப்டாப்பிலேயே சொருகலாமே என்று கேட்டால், தாராளமாகச் சொருகலாம். லேப்டாப் மேசையைவிட்டு நகராது என்றால் வைஃபை எதற்கு?

சுவரைக் குடைய முடியாதவர்களுக்கு மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி உண்டு. இரண்டையும் சுவர் பிளக்கிலேயே நேராக மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் வழியாக மாட்டினால் சொதப்பும். வீட்டு வயரிங் பழையதாக இருந்தால் பலன் எப்படி இருக்கும் என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். பல கருவிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை கொடுக்கும் மெஷ் செட்டு நல்ல பொருள்தான், ஆனால் வீடு முழுக்க வைஃபை பலவீனமாக இருந்தால் வாங்க வேண்டியது அது. ஒற்றைப் பழைய லேப்டாப்புக்காக வாங்குவது அதிகப்படி.

எதைச் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரு மாற்றம், அப்புறம் அதே மேசை, அதே பிங். சேனலையும் டாங்கிளையும் ரூட்டர் இடத்தையும் ஒரே மாலையில் மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. புது ரிப்பீட்டரோ ஆக்ஸஸ் பாயின்ட்டோ வைத்த பிறகும் எண்கள் மாறவில்லை என்றால், லேப்டாப் இன்னும் பழைய இணைப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். சேமித்த வலையமைப்புகளில் தூரத்து ரூட்டரின் பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்கிவிட்டு, வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.